நோயாளிப் பதிவேடும் கணிப்பொறித் திரையும்

நோயாளி ஒருவருக்குச் சென்ற முறை கொடுத்த மருந்து யாது, எம்மருந்து அவருடைய உடலுக்கு ஒவ்வாது, மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பன போன்ற விவரங்களை, எத்துணை நினைவாற்றல் உடைய மருத்துவரும் மனத்தில் வைத்திருத்தல் இயலாது. ஆகவேதான் மருத்துவத்தில் பதிவேடு இன்றியமையாத சாதனமாயிற்று. ஆயினும் காகிதப் பதிவேட்டிற்குச் சில குறைகள் உண்டு. ஓ.பி. சீட்டு மழையில் நனைந்து போகும். வீட்டில் மறந்து வைக்கப்படும். ஒரு மருத்துவமனையில் எழுதியதை மற்றொரு மருத்துவமனை அறியாது. மருத்துவரின் கையெழுத்து மருந்தாளருக்கு விளங்காமற் போவதும் உண்டு.

இக்குறைகளைக் களையும் நோக்கத்துடன் கேரள அரசு ‘இ-ஹெல்த்’ என்னும் திட்டத்தை வகுத்து, அதனை முதலில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. இத்திட்டத்தின்கீழ் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் ஒன்று வழங்கப்படுகின்றது. கிராமத்துக் குடும்ப சுகாதார நிலையத்தில் பதிவான விவரத்தை, அதே எண்ணைக் கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காணக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்தாகும். அனைத்திந்திய அளவிலும் இம்முயற்சி நடைபெற்று வருகின்றது. மின்னணு மருத்துவப் பதிவேடுகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான தரவிதிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2016இல் திருத்தியமைத்தது. குடிமக்களுக்கு 14 இலக்கங்கொண்ட சுகாதார எண்ணை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பெற்றது.

எண்ணும் தரவிதியும் கணிப்பொறியும் கிடைத்துவிட்டமையால் வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. இவை அனைத்தும் மருத்துவரை வந்தடைவது ஒரே ஒரு வாயில் வழியாகத்தான். அது அவருடைய மேசைமீதுள்ள திரையாகும். அத்திரையில் எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது, எதனைத் தட்டச்சுச் செய்ய வேண்டும், எதனைத் தொட்டால் போதும் என்னும் ஏற்பாட்டை வல்லுநர் ‘இடைமுகம்’ என்பர். இவ்விடைமுகம் நன்கு அமைந்தால் பதிவேடு மருத்துவருக்குத் துணை செய்யும். தவறாக அமைந்தால் அதுவே நோயாளிக்குத் தீங்காக முடியும். இஃது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரண்டு நிமிடக் கணக்கு

67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 2017ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவ ஏடொன்று ஒரு கட்டுரை வெளியிட்டது. சுவீடன் நாட்டில் இந்நேரம் இருபத்திரண்டரை நிமிடமாகவும், வங்காள தேசத்தில் 48 வினாடியாகவும் இருந்தது. இந்தியாவிற்குக் கிடைத்த கணக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமாகும்.

காலை நான்கு மணி நேரத்தில் நூறு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு அவர் அளிக்கக்கூடிய நேரம் 144 வினாடி. நோயாளி அமர்ந்து, நோயைச் சொல்லி, மருத்துவர் நாடி பார்த்து, நெஞ்சைச் சோதித்து, அறிவுரை கூறி அனுப்புதல் யாவும் இதற்குள் அடங்கவேண்டும். ஒரு நோயாளிக்கு எட்டுத் திரைகளைக் கடக்க வேண்டும் என்றும், ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குச் செல்ல மூன்று வினாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எதையும் எழுதாமல் காத்திருப்பதற்கு மட்டும் 24 வினாடி செலவாகும். நூறு நோயாளிகளுக்கு இது நாற்பது நிமிடம். அதாவது, பதினாறு அல்லது பதினேழு நோயாளிகளைப் பார்க்கக்கூடிய நேரம் வெறும் காத்திருப்பில் கழிந்துவிடும்.

வரிசை வெளியே நீண்டுகொண்டிருக்க, மருத்துவர் என் செய்வார்? நோயின் பெயரைத் தேடி நேரத்தைப் போக்காமல், பட்டியலில் முதலில் தென்படும் ‘காய்ச்சல்’ என்பதைத் தொட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பார். அந்நோயாளிக்கு உண்மையில் எலிக்காய்ச்சல் என்ற ஐயம் மருத்துவருக்கு இருந்திருக்கலாம். அதற்குரிய மருந்தையும் அவர் கொடுத்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அது வெறுங் காய்ச்சலாகவே நிற்கும். எலிக்காய்ச்சலும் டெங்குவும் மழைக்காலந்தோறும் தோன்றும் கேரளம் போன்ற நாட்டில், எந்த வார்டில் எந்நோய் மிகுகின்றது என்பதைச் சுகாதார அதிகாரிகள் பதிவேட்டைக் கொண்டே அறிதல் வேண்டும். வசதியற்ற திரை இவ்வாறு மருத்துவரின் நேரத்தை வீணாக்குவதோடு, பதிவேட்டையே பொய்யாக்கிவிடுகின்றது.

செல்வ நாடுகளும் இத்தொல்லையிலிருந்து தப்பவில்லை. அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 57 மருத்துவர்களை உடனிருந்து கவனித்து, 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அம்மருத்துவர்கள் தங்கள் அலுவலக நேரத்தில் 27 சதவீதத்தை நோயாளியுடன் நேருக்கு நேராகவும், ஏறத்தாழ 49 சதவீதத்தைக் கணிப்பொறியுடனும் மேசை வேலையுடனும் கழித்தனர் என்று அது கண்டது.

ஒரு மாத்திரையும் முப்பத்தெட்டரை மாத்திரையும்

திரையின் குறை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதற்கு, 2013ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்த நிகழ்ச்சி சிறந்த சான்றாகும். அம்மருத்துவமனையே இதனை மறைக்காமல் வெளியிட இசைந்தமையால் உலகம் இதனை அறிய முடிந்தது.

பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நோய்க்கிருமிகளை அழிக்கும் மாத்திரை ஒன்று தேவைப்பட்டது. அவன் எடை 38.6 கிலோகிராம். 40 கிலோகிராமுக்குக் குறைந்த சிறுவர்க்கு மருந்தளவை எடைக்கேற்பக் கணித்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. மருத்துவர் கிலோகிராமுக்கு 5 மில்லிகிராம் என்று பதிவு செய்தார்; கணிப்பொறி அதனை 193 மில்லிகிராம் என்று கணக்கிட்டது. மாத்திரையோ 160 மில்லிகிராம் அளவுடையது. ஆகவே அளவை 160 என்று மாற்றியமைக்குமாறு மருந்தாளர் கேட்டுக்கொண்டார். மருத்துவரும் திரையைத் திறந்து 160 என்று எழுதினார். ஆனால் அக்கட்டத்தின் அலகு ‘மில்லிகிராம்’ என்று இராமல், ‘ஒரு கிலோகிராம் எடைக்கு மில்லிகிராம்’ என்றே இருந்தது. 160ஐ 38.6ஆல் பெருக்கிப் பார்த்தால் விளைவு விளங்கும். ஒரு மாத்திரைக்குப் பதிலாக முப்பத்தெட்டரை மாத்திரைக்கு உத்தரவு ஆகிவிட்டது.

கணிப்பொறி எச்சரிக்கை செய்யாமல் இல்லை. மருத்துவருக்கும் மருந்தாளருக்கும் எச்சரிக்கை தோன்றத்தான் செய்தது. ஆனால் நாள்தோறும் பயனற்ற எச்சரிக்கைகள் பலவற்றைக் கண்டு கண்டு அவற்றைத் தள்ளிவிடும் பழக்கத்திற்கு இருவரும் ஆளாகியிருந்தனர். ஆகவே இதனையும் தள்ளிவிட்டனர். யந்திரம் மாத்திரைகளை எண்ணிக் கட்டியது, செவிலியர் கொடுத்தார், சிறுவனும் விழுங்கினான். அவனுக்கு வலிப்புக் கண்டது. நல்வினையாக உயிர் பிழைத்தான்.

இங்கே தவறு யாருடையது? மருத்துவர், மருந்தாளர், செவிலியர் ஆகிய மூவரும் பயிற்சி பெற்றவரே, அக்கறை உடையவரே. மூவரும் ஒருவர்பின் ஒருவராகத் தவறினர் என்றால், அவர்களைத் தவறச் செய்த ஏற்பாட்டைத்தான் முதலில் ஆராய்தல் வேண்டும்.

விமானிகளிடமிருந்து கற்ற பாடம்

இவ்வுண்மை மருத்துவத் துறைக்கு வருமுன்னரே விமானத் துறையில் தெளிவாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, பாதுகாப்பாகத் தரையிறங்கிய பெரிய குண்டுவீச்சு விமானங்கள் சில, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் படச் சரிந்தன. இறக்கையின் மடிப்பை உயர்த்தக் கருதிய விமானி சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டதே காரணம். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியல் அறிஞர் விமானத்தின் உள்ளே சென்று பார்த்தார். இரண்டு கைப்பிடிகளும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. ஒன்றன் முனையில் சக்கர வடிவையும், மற்றதன் முனையில் இறக்கை வடிவையும் பொருத்தினால் தவறு நீங்கும் என்று அவர் கண்டார். கண்ணால் பாராமலே கை வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. பின்னர் 1947ஆம் ஆண்டில் பால் பிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் என்போர், விமானிகள் கருவிகளை இயக்குவதில் செய்த 460 தவறுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலாக வேறொன்றை இயக்கியதால் நேர்ந்தவை. ‘விமானியின் பிழை’ என்று எழுதி முடிக்கப்பட்டவை பெரும்பாலும் கருவியை அமைத்தவரின் பிழை என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது.

நல்ல திரையின் இலக்கணம்

இக்கொள்கையை மருத்துவரின் திரைக்குப் பொருத்திப் பார்த்தால், பின்வரும் விதிகள் பெறப்படும்.

முதலாவது, யாருடைய பதிவேடு திறந்திருக்கிறது என்பது எப்பொழுதும் கண்ணில் படவேண்டும். பெயர், வயது, பால், எடை, ஒவ்வாத மருந்து ஆகிய ஐந்தும் எந்தத் திரைக்குச் சென்றாலும் மேற்புறத்தில் மாறாமல் நிற்றல் நலம். திருவனந்தபுரத்தில் இவ்விதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழ் மக்கள் அங்குள்ள மருத்துவமனைகளுக்குச் செல்வது வழக்கம். சண்முகம் என்னும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோர், முதலெழுத்தை ஒரு விதமாகவும், ‘க’ என்னும் எழுத்தை ஒரு விதமாகவும் அவரவர் விருப்பப்படி எழுதுவர். தமிழர் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னே வைப்பர். மலையாளிகளுள் வீட்டுப் பெயரைச் சேர்த்துக் கூறுவோர் உளர். எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் கண்டுபிடிப்பேன் என்று பிடிவாதம் செய்யும் தேடுமுறை, ஒரே நோயாளிக்கு மூன்று பதிவேடுகளை உண்டாக்கிவிடும். ஒலியால் ஒத்த பெயர்களையும் சேர்த்துக் காட்டி, வயதையும் ஊரையும் கொண்டு தெரிந்தெடுக்கச் செய்வதே தக்க முறையாகும்.

இரண்டாவது, நினைவிலிருந்து எழுதச் சொல்வதைக் காட்டிலும், கண்டு தேர்ந்தெடுக்கச் செய்தல் எளிது. கலிபோர்னியாவில் எல் காமினோ மருத்துவமனையில் 1971ஆம் ஆண்டிலேயே, ஒளிப் பேனாவினால் திரையைத் தொட்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் பட்டியல் நீண்டுவிட்டால் இந்நன்மை கெட்டுவிடும். அந்நிலையத்தில் மிகுதியாக வழங்கும் இருபது அல்லது முப்பது மருந்துகள் முதலிலும், ஏனையவை தேடிப் பெறும்படியாகவும் இருத்தல் வேண்டும். மேலும், அகரவரிசைப் பட்டியலில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்பன புற்றுநோய்க்குரிய இரு மருந்துகள். பெயர் ஒத்திருப்பினும் இவற்றின் அளவு வேறு. அருகருகே நிற்கும் இத்தகைய பெயர்களில், வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அல்லது தடித்த எழுத்தில் காட்டுதல் கண்ணுக்குத் துணை செய்யும்.

மூன்றாவது, எண்ணும் அலகும் பிரியலாகாது. அலகு தானாக மாறக்கூடிய இடங்களில், முடிவான அளவு ‘160 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை’ என்று சொல்லில் விளங்க எழுதப்படுதல் வேண்டும். ‘முப்பத்தெட்டரை மாத்திரை’ என்னும் சொற்களைத் திரையில் கண்டிருந்தால், சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் கையெடுத்திருப்பார் என்று கருத இடமுண்டு.

நான்காவது, எச்சரிக்கை அரிதாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு. மருந்து எச்சரிக்கைகளைப் பற்றிய பல ஆய்வுகளை 2006ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவரால் தள்ளப்பட்டமை தெரியவந்தது. ‘புலி வருகிறது’ என்று நாள்தோறும் கூவிய இடையச் சிறுவனின் கதையை நாம் அறிவோம். உயிருக்கு ஆபத்தானதை மட்டும் வழிமறித்து நிறுத்தும்படியும், ஏனையவற்றை ஓரத்தில் அமைதியாகக் காட்டும்படியும் தரம் பிரித்தல் வேண்டும்.

ஐந்தாவது, ஒரு விவரத்தை ஒரு முறைதான் கேட்டல் வேண்டும். உலகின் பல நாடுகளில் இப்பொழுது வழங்கும் ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்னும் சுகாதாரப் புள்ளிவிவர மென்பொருள், 2006ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைமுறைப்படுத்தப்பட்டது கேரளத்தில்தான் என்பது பலர் அறியாத செய்தியாகும். இத்தகைய சாதனங்கள் வந்த பின்னரும், தடுப்பூசி போட்ட குழந்தையின் பெயரைக் களப்பணியாளர் நோட்டுப் புத்தகத்தில் ஒரு முறையும், பதிவேட்டில் ஒரு முறையும், கணிப்பொறியில் ஒரு முறையும் எழுத நேரிட்டால், சாதனம் வேலையைக் குறைத்ததாகாது, கூட்டியதாகவே முடியும். மருத்துவருக்கும் இவ்விதியே பொருந்தும்.

ஆறாவது, மின்சாரமோ இணைப்போ தடைபட்டாலும் வேலை தடைபடலாகாது. எழுதியது அங்கேயே நின்று, இணைப்பு மீண்டதும் தானே சென்று சேருதல் வேண்டும். இறுதியாக, திரை வைக்கப்படும் இடமும் கருதத்தக்கது. மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே காணுமாறு மேசையின் பக்கவாட்டில் திரை அமைந்தால், மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேராது. நோயாளியும் தன் பெயரும் மருந்தும் சரியாக உள்ளனவா என்பதைத் தானே கவனிப்பார்.

திரையும் ஒரு மருத்துவக் கருவி

இவ்விதிகளை அறிந்தவர் அமைத்த திரையும் முதல் முயற்சியிலேயே செம்மையாக அமைவதில்லை. இதற்கு எடுத்துக்காட்டைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். அந்நகரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்ப நிலையத்தில், டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இருதய வால்வு ஒன்று உருவாக்கப்பட்டது. முதல் மூன்று மாதிரிகளும் சோதனையில் தேறவில்லை. நான்காவது மாதிரிதான், பல கோடி முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டு, விலங்குகளிலும் பரிசோதிக்கப்பட்ட பின்னர், 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. மூன்று மாதிரிகளின் தோல்வியை எவரும் இழிவாகக் கருதவில்லை. நோயாளியின் உடலில் தோன்றியிருக்க வேண்டிய தோல்வி சோதனைச் சாலையிலேயே தோன்றி முடிந்தது.

மருத்துவரின் திரையும் இவ்வாறே கருதப்படுதல் வேண்டும். சோதிக்கும் முறை எளியதே. பொறியாளர் ஐந்தாறு மருத்துவரையும் செவிலியரையும் அழைத்து, மாதிரி நோயாளி ஒருவரின் விவரத்தைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுதல் வேண்டும். இடையில் உதவி செய்யாமல் அருகில் அமர்ந்து, எங்கே கை தயங்குகிறது, எங்கே தவறான இடத்தைத் தொடுகிறது, எத்தனை வினாடி ஆகிறது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். பின்னர்த் திரையைத் திருத்தி, மீண்டும் சோதித்தல் வேண்டும். அமைதியான அறையில் மட்டுமன்றி, திங்கட்கிழமைக் காலையில் கூட்டம் நெருக்கும் ஓ.பி. அறையிலும் சோதித்தால்தான் உண்மை புலப்படும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

திரையை அமைப்பவர் தலைநகரில் இருப்பார். அதன் குறை தெரிவது கிராம நிலையத்தில். இடையிலுள்ள பாலம் களப்பணியாளரே. ‘கணிப்பொறி சரியில்லை’ என்று பொதுவாக எழுதும் புகாரினால் பயன் விளையாது. எந்தத் திரையில், எதனைச் செய்ய விரும்பினீர்கள், எதனைத் தொட்டீர்கள், என்ன நேர்ந்தது, நாளொன்றுக்கு எத்தனை முறை நேர்கின்றது என்னும் ஐந்து விவரங்களைக் குறித்து அனுப்புங்கள். ஊழியர்கள் குறுக்கு வழிகளைக் கையாள்வதையும் கூர்ந்து நோக்குங்கள். ஒருவருடைய கடவுச்சொல்லைப் பலர் வழங்குவதும், காகிதத்தில் எழுதி மாலையில் ஏற்றுவதும் ஒழுங்கீனம் என்று கண்டிக்கத்தக்கவைதாம். ஆயினும் நுழைவதற்கு ஆகும் காலதாமதமே அவற்றிற்குக் காரணமாயின், அதனையும் சேர்த்து எழுதுதல் கடமையாகும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு தாளில் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வரையச் செய்க. மற்றொரு தாளில் அதே இடைவெளியில் அரை சென்டிமீட்டர் விட்டமுள்ள இரு வட்டங்களை வரையச் செய்க. மாணவர் ஒருவர் பென்சிலால் இரு வட்டங்களையும் மாறி மாறி, கோட்டிற்கு வெளியே படாமல், இருபது முறை தொடட்டும். மற்றொருவர் கடிகாரம் பார்க்கட்டும். சிறு வட்டத்திற்கு நேரம் கூடுதலாக ஆவதைக் காணலாம். இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் ஆக, தொடும் நேரம் மிகும் என்னும் இவ்விதியைப் பால் பிட்ஸ் 1954ஆம் ஆண்டில் இத்தகைய சோதனையினால் நிறுவினார். திரையில் அடிக்கடி தொடவேண்டிய பொத்தான் பெரிதாகவும் அருகிலும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படையாகும்.

மின்னணுப் பதிவேட்டின் நோக்கம் நோயாளியின் நலம் ஒன்றே. ஒரு திரையின் சிறப்பை அதன் வண்ணத்தாலும் வசதிகளின் எண்ணிக்கையாலும் மதிப்பிடலாகாது. மருத்துவர் ஒருவருக்குக் கிடைக்கும் 144 வினாடியில் எத்தனை வினாடியை அது நோயாளிக்கு மீட்டுக் கொடுக்கிறது, எத்தனை தவறுகளை அது நேரவொட்டாமல் தடுக்கிறது என்பவற்றைக் கொண்டே மதிப்பிடுதல் வேண்டும்.